வினாவுக்கு வினாவே விடை: ஒரு விளையாட்டும் அதன் இலக்கணமும்

உயர்தரக் கலைப்பிரிவு மாணவி

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் திருப்பிக் கேள்வி கேட்பதை வீட்டில் யாரும் விரும்புவதில்லை. "கேட்டதுக்குப் பதில் சொல்லு, எதிர்க்கேள்வி கேக்காத" என்பது நாம் எல்லோரும் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த வார்த்தை. ஆனால், தமிழ் இலக்கணம் இந்த விடயத்தில் நம் பக்கம் நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு வினாவுக்கு எதிரே வரும் வினாவையும் விடையாகவே கொள்ளலாம் என்பது தொல்காப்பியத்தின் கருத்து. தொல்காப்பியர் விடையைச் 'செப்பு' என்கிறார். பிற்காலத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், விடை வகைகள் எட்டினுள் ஒன்றாக 'வினா எதிர் வினாதல்' என்பதைச் சேர்த்து வைத்தார்.

இந்த ஒரு விடை வகையை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் உரையாடலை முழுமையாக நடத்த முடியுமா? முடியும். இருவர் எதிரெதிரே அமர்ந்து, வினாக்களால் மட்டுமே பேச வேண்டும். கூற்று வாக்கியம் ஒன்றைச் சொன்னவர் தோற்றவர். இதற்குக் கைத்தொலைபேசி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், பணமும் வேண்டாம். பேசுவதற்கு ஒரு பொருள் மட்டும் வேண்டும். நாங்கள் தேர்ந்தெடுத்த பொருள் பழைய வீடியோ கேம்கள். இந்த விளையாட்டை எப்படி ஆடுவது, அதில் தமிழ் இலக்கணம் எப்படி வேலை செய்கிறது, அதனால் நமக்கு என்ன கிடைக்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இந்த விளையாட்டு வேறு எங்கும் உண்டா?

வினாவை மையமாக வைத்த இலக்கியம் நமக்குப் புதிதல்ல. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் 'மசலா' என்றே ஒரு வகை உண்டு. மசலா என்ற அரபுச் சொல்லுக்குக் கேள்வி என்பது பொருள். வண்ணப்பரிமளப் புலவர் 1572 இல் மதுரையில் அரங்கேற்றிய 'ஆயிரம் மசலா', முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது எனப்படுகிறது. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்ட கேள்விகளும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விடைகளுமாக அது அமைந்துள்ளது. 'நூறு மசலா'வோ இளவரசி ஒருத்தி தன்னை மணக்க வந்தவனிடம் நூறு கேள்விகள் கேட்கும் கதை. நம் மூத்தம்மாமார் இரவில் போடும் நொடிகளும் வினாக்களே. ஆயினும் இவை எல்லாவற்றிலும் ஒருவர் கேட்பார், மற்றவர் விடை சொல்வார்.

இருவருமே கேட்டுக்கொண்டிருக்கும் விளையாட்டை உலகம் அறியச் செய்தவர் ஆங்கில நாடகாசிரியர் டொம் ஸ்டொப்பார்ட். ஷேக்ஸ்பியரின் ஹெம்லட் நாடகத்தில் வரும் இரண்டு சிறிய பாத்திரங்களைக் கதாநாயகர்களாக்கி அவர் எழுதிய நாடகம் 1966 இல் எடின்பரோ நகரில் முதலில் மேடையேறியது. அதில் அந்த இருவரும் வினாக்களால் மட்டும் பேசி விளையாடுகிறார்கள். டெனிஸ் ஆட்டத்தைப் போலப் புள்ளியும் போடுகிறார்கள். கூற்று வந்தால் குற்றம், சொன்னதையே திரும்பச் சொன்னால் குற்றம். விடையை எதிர்பாராத அலங்கார வினாவும் அங்கே குற்றம்தான். ஆனால் தமிழில் அப்படி ஒதுக்க வேண்டியதில்லை. "போகாமல் இருப்பேனா?" என்பது நமக்கு அலங்காரம் மட்டுமல்ல, 'போவேன்' என்ற விடையும்கூட.

ஏன் பழைய வீடியோ கேம்கள்?

எந்தப் பொருளைப் பற்றியும் இதை ஆடலாம். ஆனால் பாடப் புத்தகத்தை எடுத்தால் ஆசிரியருக்குத்தான் எல்லாம் தெரியும். புதிய கேம்களை எடுத்தால் தம்பிமாருக்குத்தான் எல்லாம் தெரியும். பழைய கேம்கள் அப்படியல்ல. நம் பெற்றோர் சிறுவராக இருந்தபோது 'டீவி கேம்' என்றும் 'பிரிக் கேம்' என்றும் அறிந்தவை அவை. 1997 இல் நொக்கியா 6110 கைத்தொலைபேசியில் வந்த பாம்பு விளையாட்டைத் தெரியாத வாப்பாமார் குறைவு. நாமோ அவற்றைப் பற்றி வாசித்தும் கேட்டும் தெரிந்துகொள்கிறோம். ஆகவே இந்தப் பொருளில் பெற்றோரும் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே தட்டில் இருக்கிறார்கள். கேட்பதற்கு இருவரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது.

விதிகள்

1. ஒவ்வொரு வாக்கியமும் வினாவாக இருக்க வேண்டும்.
2. முன்னர் வந்த வினாவோடு தொடர்பு இருக்க வேண்டும்.
3. ஒரே வினாவை இரண்டு முறை கேட்கக் கூடாது.
4. வெறும் "ஏன்?", "என்ன?" என்று தப்பிக்கக் கூடாது. வினாவில் ஏதாவது ஒரு விடயம் இருக்க வேண்டும்.
5. நடுவர் விரலால் ஐந்து எண்ணுவதற்குள் பேச வேண்டும்.
6. பொய்யை வினாவுக்குள் ஒளித்து வைக்கக் கூடாது.

இந்த ஆறாவது விதி ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் ஆடிப் பார்த்த ஓர் ஆட்டத்தைக் காட்டுகிறேன்.

தாழ்வுபாட்டில் ஓர் ஆட்டம்

தாழ்வுபாடு மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் உள்ள மீனவக் கிராமம். அங்குள்ள மாமா ஒருவர் என் வாப்பாவின் பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. அவருடைய மகள் என் தோழி. சென்ற ஏப்ரல் விடுமுறையில் மீன் வாங்க வாப்பாவுடன் போயிருந்தபோது, மாமாவின் வாடி நிழலில் நாங்கள் இருவரும் ஆடிய ஆட்டம் இது. பேசியபடியே எழுதுகிறேன்.

தோழி: உனக்குத் தெரிஞ்ச ஆகப் பழைய வீடியோ கேம் எது?

நான்: 1972 இல வந்த பொங்கை விடப் பேர் போன பழசு இருக்கா?

தோழி: ரெண்டு கோடும் ஒரு புள்ளியும் மட்டும் இருந்த அந்தப் பந்து விளையாட்டையா சொல்லுற?

நான்: ஒரு புள்ளியப் பந்து எண்டு நம்பி விளையாடின ஆக்களுக்கு எங்களை விடக் கற்பனை கூட இல்லையா?

தோழி: அப்ப ஒரு மஞ்சள் வட்டத்த வாய் எண்டு நம்பி பெக்மேன் விளையாடின ஆக்களுக்கு?

நான்: ஒரு துண்டு எடுத்த பீட்சாவப் பாத்துத்தான் தோரு இவாத்தானி அந்த உருவத்த நினைச்சாராம் எண்டு நீ கேள்விப்படலயா?

தோழி: அவர் ஜப்பானில பிறக்காம தாழ்வுபாட்டில பிறந்திருந்தா எதப் பாத்து வரைஞ்சிருப்பார்?

நான்: வாயத் திறந்த மட்டி ஒண்டு போதாதா?

தோழி: அப்ப துரத்துற நாலு பேய்க்கும் எங்க போறது?

நான்: மன்னார் றோட்டில வழி மறிக்கிற கழுதைகள நீ கண்டதே இல்லையா?

தோழி: பெக்மேன் பெரிய புள்ளியத் திண்டா பேய் நீலமாகி மெதுவா ஓடுமே, கழுதையும் அப்படி ஓடுமா?

நான்: ஹோர்ன் அடிச்சாலும் அசையாத கழுதைக்கு அதை விட மெதுவா ஓடத் தெரியுமா?

தோழி: சரி, மாரியோவில மேல தெரியுற மேகமும் கீழ தெரியுற பற்றையும் ஒரே படம் எண்டு உன்ட கண்ணுக்குப் படலயா?

நான்: வெள்ளை அடிச்சா மேகம், பச்சை அடிச்சா பற்றையா?

தோழி: முழு விளையாட்டையும் 40 கிலோபைட்டுக்குள்ள அடக்க 1985 இல வேற வழி இருந்திச்சா?

நான்: உன்ட அம்மா ஒரு பழைய சாரியில யன்னல் சீலையும் தலகாணி உறையும் தைக்கிற மாதிரியா?

தோழி: அப்ப அம்மாவுக்கு நின்டெண்டோவில வேலை கிடைக்குமோ?

நான்: கிடைச்சா மீன் கறி யார் சமைக்கிறது?

தோழி: அப்பாதான்!

'அப்பாதான்' என்று சொன்ன கணத்தில் அவள் தோற்றாள். அது கூற்று. வலை தைத்துக்கொண்டிருந்த மாமா, "அப்பாவையா?" என்று தலை நிமிர்த்திக் கேட்டார். அவர் கேட்டது வினா என்பதால் அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். அதைப் பற்றிப் பிறகு.

வினா எழுத்துகள் தரும் உதவி

மேலுள்ள உரையாடலை மீண்டும் பாருங்கள். பெரும்பாலான வினாக்கள் 'ஆ' என்ற ஒலியில் முடிகின்றன. எ, யா என்பன சொல்லின் முதலிலும், ஆ, ஓ என்பன சொல்லின் இறுதியிலும், ஏ என்பது இரண்டு இடங்களிலும் வினாப் பொருள் தரும் என்று நாம் படித்திருக்கிறோம். விளையாடும்போதுதான் இந்த ஐந்து எழுத்துகளின் பெறுமதி விளங்குகிறது. எந்தச் சொல்லோடும் 'ஆ'வை ஒட்டினால் அந்தச் சொல் வினாவின் மையமாகிவிடும். "நீ நேற்று டெட்ரிஸ் விளையாடினாயா?", "நீ நேற்றா டெட்ரிஸ் விளையாடினாய்?", "நீயா நேற்று டெட்ரிஸ் விளையாடினாய்?" ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு வினாக்கள். 'ஓ' ஐயத்தைக் கூட்டுகிறது. "வேலை கிடைக்குமா?" என்பதற்கும் "வேலை கிடைக்குமோ?" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காது உடனே அறியும்.

நடுவருக்குத் தலையிடி கொடுப்பவை இரண்டு. ஒன்று 'ஏ'. அது வினாவாகவும் வரும், உறுதியைக் காட்டும் தேற்றமாகவும் வரும். "பேய் மெதுவாக ஓடுமே" என்றதோடு என் தோழி நிறுத்தியிருந்தால் அது கூற்றா வினாவா என்று சண்டை வந்திருக்கும். மற்றது நம் பேச்சில் அடிக்கடி வரும் 'தானே'. "பெக்மேன் 1980 இல் வந்ததுதானே" என்பவர் கேட்கிறாரா, சொல்கிறாரா? குரலை உயர்த்தினால் வினா, தாழ்த்தினால் கூற்று. எழுத்தில் இந்தக் குரல் தெரியாது. ஆகவே எங்கள் ஆட்டத்தில் 'தானே' என்று முடித்தால் குற்றம் என்று வைத்துக்கொண்டோம்.

ஆறு வகை வினாக்கள்

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அவற்றுக்கு நம் விளையாட்டிலிருந்தே உதாரணம் காட்டலாம்.

அறிவினா: விடை தெரிந்தவர், மற்றவருக்குத் தெரியுமா என்று அறியக் கேட்பது. பெக்மேன் விளையாடியவர், விளையாடாதவரிடம் "துரத்தும் பேய்கள் எத்தனை?" என்று கேட்பது இவ்வகை.

அறியாவினா: தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது. "டெட்ரிஸ் கட்டை ஒவ்வொன்றிலும் எத்தனை சதுரங்கள்?"

ஐயவினா: இரண்டில் எது என்ற சந்தேகம். "அங்கே தெரிவது மேகமா, பற்றையா?"

கொளல்வினா: ஒன்றைப் பெற்றுக்கொள்வதற்காகக் கேட்பது. கடைக்காரரிடம் "பென்டோர்ச் பெட்டரி இருக்கிறதா?" என்பது.

கொடைவினா: ஒன்றைக் கொடுப்பதற்காகக் கேட்பது. "தங்கச்சிக்கு விளையாட ஒன்றும் இல்லையா?" என்று கேட்டுத் தன் கையில் உள்ளதை நீட்டுவது.

ஏவல்வினா: ஒன்றைச் செய்யச் சொல்லிக் கேட்பது. "இன்னும் கேமை நிறுத்தவில்லையா?" என்று உம்மா கேட்டால், அதற்கு ஆம், இல்லை என்று விடை சொல்வதை விட நிறுத்திவிடுவதே நல்லது.

பெற்றோர்கள் இதை வாசிப்பதால் ஒரு வேண்டுகோள். ஒரு நாள் முழுவதும் வீட்டில் பிள்ளைகளிடம் கேட்கும் வினாக்களை எண்ணிப் பாருங்கள். படிச்சியா, தொழுதியா, சாப்பிட்டியா, தொலைபேசிய வச்சியா என்று பெரும்பாலானவை ஏவல்வினாவாக இருக்கும். அவை தேவையானவைதான். ஆனால், "அந்த கேமை எப்படி விளையாடுறது?" என்ற அறியாவினா ஒன்றை நாளுக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதற்கு வரும் பதிலின் நீளம் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

எட்டு விடைகளும் ஓர் உடையும்

இப்போது இந்த விளையாட்டின் மையத்துக்கு வருகிறோம். நன்னூல் கூறும் விடைகள் எட்டு. "பெக்மேன் விளையாடுவாயா?" என்ற ஒரே வினாவுக்கு இவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். 'விளையாடுவேன்' என்பது நேர் விடை. 'மாட்டேன்' என்பது மறை விடை. 'நீ விளையாடு' என்பது ஏவல் விடை. 'விளையாடாமல் இருப்பேனா?' என்பது வினா எதிர் வினாதல். 'விரல் வலித்தது' என்பது தனக்கு நடந்ததைச் சொல்வதால் உற்றது உரைத்தல். 'விரல் வலிக்கும்' என்பது நடக்கப் போவதைச் சொல்வதால் உறுவது கூறல். 'டெட்ரிஸ் விளையாடுவேன்' என்பது இனமான வேறொன்றைச் சொல்வதால் இனமொழி விடை. "கேம் எங்கே?" என்று கேட்டால் 'அதோ' என்பது சுட்டு விடை.

சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் விடையை நேரே சொல்கின்றன. மற்றைய ஐந்தும் விடையைக் குறிப்பாக உணர்த்துகின்றன.

வினாவால் மட்டும் பேசும் ஆட்டத்தில் வினா எதிர் வினாதல் தவிர மற்ற ஏழு விடைகளும் தடை. ஆனால் அவை வடிவில்தான் தடை, பொருளில் அல்ல. திறமையான ஆட்டக்காரி மற்ற ஏழையும் வினாவின் உடையில் அனுப்புவாள். இப்படி:

நேர்: "பெக்மேன் என்றால் நான் வராமல் இருப்பேனா?"
மறை: "பரீட்சைக்கு முதல் நாள் எனக்கு அதற்கு நேரம் இருக்குமா?"
ஏவல்: "நீயே விளையாடினால் என்ன?"
உற்றது உரைத்தல்: "நேற்று விரல் வீங்கினதை நீ பார்க்கவில்லையா?"
உறுவது கூறல்: "நாளைக்குப் பேனை பிடிக்க விரல் வேண்டாமா?"
இனமொழி: "டெட்ரிஸ் என்று நீ ஏன் கேட்கவில்லை?"
சுட்டு: "அந்த மேசையில் இருப்பது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா?"

ஆகவே இந்த ஆட்டத்தில் கேட்பவர் பெறும் பயிற்சியை விட, கேட்டுக்கொண்டிருப்பவர் பெறும் பயிற்சி பெரியது. எதிரே வந்த வினாவுக்குள் எந்த விடை இருக்கிறது என்று கண்டுபிடித்தால்தான் அடுத்த வினாவைத் தொடர்பாகக் கேட்க முடியும்.

பெரியவர்கள் ஆடியபோது

தாழ்வுபாட்டு மாமாவை ஆட்டத்தில் சேர்த்தோம் என்றேன் அல்லவா? அவருக்கு எதிரே வாப்பா அமர்ந்தார். நானும் தோழியும் நடுவர்கள். பொருள் அதேதான், பழைய கேம்கள்.

இருவரைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவிலிருந்து பல குடும்பங்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போய் இறங்கின. வாப்பாவுக்கு அப்போது எட்டு வயது. அதே ஆண்டில் யுத்தத்துக்குப் பயந்து மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்தவர்களும் பலர். மாமாவின் குடும்பம் அவர்களுள் ஒன்று. ஒரே வகுப்பில் இருந்த இருவர் இரண்டு திசைகளில் போனார்கள். 2009 இல் யுத்தம் முடிந்து நாங்கள் ஊர் திரும்பிய பின்னரே அவர்கள் மீண்டும் சந்தித்தார்கள். இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் கேட்டால் வாப்பா எப்போதும், "சொல்ல என்ன இருக்கு?" என்பார்.

மாமா: மச்சான், நீ முதல் முதல் விளையாடின கேம் எது?

வாப்பா: கட்டை கட்டையா விழுற பிரிக் கேமை விட்டா எங்களுக்கு வேற என்ன இருந்திச்சு?

மாமா: கற்பிட்டி முகாமில உனக்கு அத ஆரு வாங்கித் தந்தது?

வாப்பா: பக்கத்துக் குடிசைப் பொடியன் ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம் கையில தந்தா அது வாங்கித் தந்த மாதிரி இல்லையா?

மாமா: அஞ்சு நிமிஷத்தில எத்தின வரிசைய அழிச்சிருப்ப?

வாப்பா: பெட்டரி முடிஞ்சிடும் எண்டு பயந்து விளையாடினவனுக்கு எண்ண நேரம் இருந்திருக்குமா?

மாமா: நிவாரண வரிசையில நிண்டு களைச்ச பொடியனுக்கு வரிசைய அழிக்கிற விளையாட்டுத்தானா பிடிச்சது?

வாப்பா: (சிரித்துக்கொண்டு) மண்டபத்தில உனக்கு வரிசை இல்லாமலா சோறு வந்திச்சு?

மாமா: வரிசை இருந்திச்சு எண்டாலும், உன்ன மாதிரி அழிக்க ஒரு கேம் எனக்கு இருந்திச்சா?

வாப்பா: அப்ப நீ பின்னேரத்தில என்னதான் விளையாடின?

மாமா: கரையில நிண்டு நம்மட ஊர் எந்தப் பக்கம் எண்டு தேடுறது விளையாட்டு இல்லையா?

வாப்பா பதில் வினா கேட்கவில்லை. விதிப்படி நான் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினேன். மூன்றுக்கு மேல் எண்ணவில்லை. என் தோழியும் எண்ணச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வாப்பா, "கண்டு பிடிச்சியா?" என்று கேட்டார். மாமா, "இப்ப எங்க இருந்து வலை தைக்கிறன்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது என்று தீர்ப்புச் சொன்னோம்.

இப்போது நன்னூலைக் கொண்டு இதைப் பார்ப்போம். மாமா கடைசிக்கு முன் கேட்டது வடிவத்தில் வினா. பொருளில் அது உற்றது உரைத்தல், அதாவது தனக்கு நேர்ந்ததைச் சொல்லுதல். நேரே கேட்டிருந்தால் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய மகளும் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். விளையாட்டின் விதி அவருக்கு ஒரு வழியைக் கொடுத்தது. 'நான் இப்படிக் கஷ்டப்பட்டேன்' என்று சொல்லத் தேவையில்லாமல், அதை ஒரு கேள்வியாகக் கேட்டுவிட முடிந்தது.

வாப்பாவின் "சொல்ல என்ன இருக்கு?" என்பதையும் நான் இத்தனை காலம் மறை விடையாகவே விளங்கியிருந்தேன். சொல்ல ஒன்றும் இல்லை என்பது அதன் பொருள் என்று நினைத்தேன். சொல்வதற்கு நிறைய இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம் அல்லவா? வினா எதிர் வினாதலைக் குறிப்பாக விடை உணர்த்தும் வகையில் நன்னூல் வைத்ததன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. குறிப்பைக் கேட்பவர்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆறாவது விதி

தகவலை வினாவுக்குள் வைக்கலாம் என்று பார்த்தோம். "1978 இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடியது, குறைந்த உருவங்களை இயந்திரம் விரைவாக வரைய முடிந்ததால்தானா?" என்று கேட்டால், ஆண்டும் காரணமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அது உண்மை. ஆனால், "மாரியோவை வடிவமைத்த மியாமோட்டோ ஏன் ரஷ்யாவில் பிறந்தார்?" என்றும் கேட்கலாம். கேட்பவர் 'ஏன்' என்பதற்குக் காரணம் தேடத் தொடங்கிவிடுவார். மியாமோட்டோ ஜப்பானியர் என்பதும், ரஷ்யாவில் பிறந்தவர் 1984 இல் டெட்ரிஸை உருவாக்கிய அலெக்ஸி பஜித்னோவ் என்பதும் அந்த நேரம் மறந்துபோகும். வினாவுக்குள் வைத்த பொய் கூற்றில் வைத்த பொய்யை விடச் சுலபமாக உள்ளே போகிறது.

விளையாட்டில் இது ஒரு புள்ளி நட்டம். ஊரில் அப்படியல்ல. "அந்தப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்த விட்டு நிண்டதாம்?", "அவ யாரோட கதைச்சவ எண்டு தெரியுமா?" என்று நம் வயதுப் பெண்பிள்ளைகளைப் பற்றிக் கேட்கப்படும் வினாக்களை நாம் அறிவோம். பிறகு விசாரித்தால், "நான் கேள்விதானே கேட்டேன்?" என்பார்கள். கேள்வி கேட்டவரும் ஒன்றைச் சொன்னவரே. வினாவும் விடையும் வழுவில்லாமல் இருக்க வேண்டும் என்று தொல்காப்பியர் இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். இந்த விளையாட்டைப் பழகிய ஒருத்திக்கு, தன் வினாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னரே தெரிந்திருக்கும். பிறர் வினாவுக்குள் இருக்கும் பொய்யும் தெரியும். அப்போது அவள், "அவ பள்ளிக்கூடத்த விட்டு நிண்டது எண்டு ஆரு சொன்னது?" என்று வினா எதிர் வினாவலாம்.

பெண்பிள்ளைகளும் விளையாட்டும்

வீடியோ கேம் ஆண்பிள்ளைகளின் பொருள் என்று சிலர் நினைக்கலாம். பெக்மேனின் கதை வேறு. 1980 இல் ஜப்பானின் நம்கோ நிறுவனத்துக்காக அதை உருவாக்கிய தோரு இவாத்தானி, அக்காலத்தில் விளையாட்டு நிலையங்களில் சுட்டு வீழ்த்தும் கேம்களே நிறைந்திருப்பதையும், பெண்கள் அங்கே வராததையும் கண்டார். பெண்களும் விரும்பி விளையாடும் ஒன்றை ஆக்க வேண்டும் என்று யோசித்து, உண்ணுதலை மையமாக வைத்தார். "இங்கே யார் இல்லை? ஏன் இல்லை?" என்ற இரண்டு வினாக்களிலிருந்து அந்த விளையாட்டு பிறந்தது என்று சொல்லலாம். நல்ல வினா ஒன்று என்ன செய்யும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

பயிற்சி

கீழே உள்ள கூற்றுகள் அனைத்தும் உண்மையானவை. ஒவ்வொன்றையும் தகவல் குறையாமல் வினாவாக மாற்றுங்கள். பின்னர், அது ஆறு வகைகளில் எது என்று எழுதுங்கள்.

1. டெட்ரிஸ் கட்டைகள் ஏழு வடிவங்களில் வரும். ஒவ்வொன்றிலும் நான்கு சதுரங்கள் உண்டு. நான்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அதன் பெயரின் முற்பகுதி வந்தது.
2. மாரியோ முதன்முதலில் தோன்றியது 1981 இல் வந்த டொங்கி கொங் விளையாட்டில்.
3. பெக்மேனின் 256 ஆவது கட்டத்தில் திரையின் வலப்பக்கப் பாதி குழம்பிவிடும். எட்டு பிட்டுகளில் 255 வரையே எண்ண முடியும் என்பது அதற்குக் காரணம்.

பயிற்சியை முடித்ததும் வீட்டில் மூத்தவர் ஒருவரை எதிரே அமர்த்தி, "நீங்க சின்ன வயசில என்ன கேம் விளையாடினீங்க?" என்று தொடங்குங்கள். அவர் ஒரு வினாவைத் திருப்பிக் கேட்டால் விட்டுவிட வேண்டாம். அதற்குள் எட்டு விடைகளில் எது இருக்கிறது என்று பாருங்கள். இந்த விடுமுறையிலேயே தொடங்கிப் பார்ப்போமா?